கதையை அளப்பதா, வாக்கியத்தை அளப்பதா?

அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களின் கதைசொல்லும் திறனை அளக்க ஆய்வாளர்கள் அடிக்கடி கையில் எடுப்பது, சொற்களே இல்லாத ஒரு படப் புத்தகம். அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்டது. ஜாடியில் இருந்த தவளை ராத்திரியில் நழுவிவிட, சிறுவனும் நாயும் அதைத் தேடிக் காட்டுக்குப் போகிறார்கள். தேனீக்கள் நாயைத் துரத்துகின்றன; கிளை என்று சிறுவன் பற்றியது மான் கொம்பாக இருக்கிறது. “பையன் எந்திரிச்சான். தவளை காணோம். கூப்பிட்டான். காணோம். தேனீ... நாய் ஓடுது. இன்னும் காணோம்” என்று ஒருவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். வாக்கிய நீளத்தை எண்ணினால் இது சின்னக் குழந்தையின் பேச்சு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் அந்தக் ‘காணோம்’ தேடலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதையின் உயிர்நாடியே அதுதான்.

ஆகவே கதையை ஒரு தாளிலும் வாக்கியத்தை இன்னொரு தாளிலும் மதிப்பிட வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபின் சாப்மனும் சாலி மைல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள 12 முதல் 26 வயது வரையிலான 33 பேர் இதே தவளைக் கதையைச் சொன்னார்கள். அவர்கள் அளவுக்கே நீளமான வாக்கியம் பேசும், குறைபாடில்லாத சிறு பிள்ளைகளைவிட, கதைப்போக்கையும் மையக் கருவையும் அவர்கள் கூடுதலாகவே வெளிப்படுத்தினார்கள். புரிதலில் சமமாக இருந்த பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஈடாகவும் நின்றார்கள். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற இன்னொரு வகைக் குறைபாடு உள்ளவர்களிடம் நிலைமை தலைகீழ். குரலை ஏற்றி இறக்கி, கேட்பவரைக் கட்டிப்போடும்படி சொல்வார்கள்; ஆனால் தேடல் என்ற இழையைக் கடைசிவரை கொண்டுபோவதில் தடுமாறுகிறார்கள் என்று ஜூடி ரெய்லி, உர்சுலா பெலூகி ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. சரளத்தில் மயங்கும் மதிப்பீட்டாளர் இவர்களுக்குக் கூட்டிப் போடுவார், முன்னவர்களுக்குக் குறைத்துப் போடுவார்.

கதையைப் படமே சொல்லிவிடுகிறதே, இதில் அவர்கள் திறமை எங்கே என்று கேட்கலாம். பாதி நியாயம். ஆனால் படத்தை எடுத்துவிட்டால் அளக்கப்படுவது பெரும்பாலும் நினைவாற்றல்தான். டவுன் சிண்ட்ரோமில் கேட்டதை மனதில் நிறுத்துவது பலவீனமான இடம் என்பது தெரிந்ததே. சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லவைத்து, படக்கதையோடு சேர்த்துப் பார்ப்பதே சரி. கேட்பவர் இடையில் எடுத்துக்கொடுத்தால் அது யாருடைய கதை என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். “அப்புறம்?” என்று கேட்பது வேறு, “தேனீ துரத்துச்சா?” என்று கேட்பது வேறு. முதலாவது வாயைத் திறக்கவைக்கிறது, இரண்டாவது பதிலையே ஊட்டிவிடுகிறது. தானாகச் சொன்னது, தூண்டியபின் சொன்னது என்று பிரித்துக் குறித்தால் இந்தக் குழப்பம் வராது. எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதும் பயனுள்ள தகவலாகிவிடும்.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற விஷயமல்ல. குறைபாடுள்ள குழந்தை சாட்சி சொல்லும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 38ஆவது பிரிவு வழிசெய்கிறது. ‘மூன்று சொல் வாக்கியம் பேசுகிறார்’ என்ற அறிக்கை அங்கே எதற்கு உதவும்? நடந்ததை வரிசைப்படி சொல்கிறாரா, யார் செய்தார் என்பதை மாற்றாமல் சொல்கிறாரா, எந்த மாதிரிக் கேள்விக்கு வெறுமனே தலையாட்டிவிடுகிறார் என்பவைதான் நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியவை.