பட்டத்தின் பெயரா, பாடத்தின் அடிப்படையா?

"சார், செயற்கை நுண்ணறிவுப் பட்டம் எடுக்கவா, கணினி அறிவியலே போதுமா?" எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இணையப் பாதுகாப்பு, தரவு அறிவியல், விளையாட்டு மென்பொருள் என்று பட்டங்களின் பெயர்கள் பெருகிவிட்டன. யு.டி.எம். எனப்படும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது.

இப்படிப் பிரிப்பது தவறா? இல்லை. கணினி அறிவியலும் ஒரு காலத்தில் சிறு கிளைதான். கணிதத் துறையிலும் மின்பொறியியல் துறையிலும் ஒட்டிக்கொண்டிருந்த அதற்கு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் தனித் துறை அமைத்தது.

ஆனால், கருவிகள் வேகமாக மாறுகின்றன. இணையத்தில் அசையும் படங்களும் விளையாட்டுகளும் ஒருகாலத்தில் 'ஃபிளாஷ்' மென்பொருளில் இயங்கின. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஃபிளாஷ் மட்டுமே தெரிந்தவருக்கு அது பேரிழப்பு. நிரலாக்கத்தின் அடிப்படை தெரிந்தவரோ வேறு கருவிக்கு எளிதாக மாறிக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். சாட்ஜிபிடிக்கு அடித்தளமான 'டிரான்ஸ்ஃபார்மர்' அமைப்பு 2017இல்தான் வெளியானது. 2013இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரின் பாடத்திட்டத்தில் அது இருந்திருக்க வழியில்லை. ஆனால் அதன் உள்ளே இயங்குவது அணிகளின் பெருக்கல், நிகழ்தகவு, வகையீடு ஆகியவை. அணிகள் உங்கள் படிவம் 5 கணிதத்தில் உள்ளன. வகையீடு கூடுதல் கணிதத்தில் உள்ளது. இவற்றை ஊன்றிக் கற்றவருக்குப் புதிய அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2018இல் செயற்கை நுண்ணறிவில் இளநிலைப் பட்டம் தொடங்கியபோது, கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றோடு நெறிமுறைப் பாடத்தையும் சேர்த்தது. பல்கலைக்கழகங்கள் செல்ல வேண்டிய வழி இதுவே என்பது என் கருத்து: முதலில் பொதுவான அடிப்படை, அதன்மேல் சிறப்புப் பாடம்.

மாணவர்களே, விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டத்தின் பாடப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, படிமுறைத் தீர்வு, இயங்குதளம், தரவுத்தளம் ஆகியவை உள்ளனவா? இருந்தால் துணிந்து சேருங்கள். சிறப்புப் பெயர் கூடுதல் பலம். பட்டியலில் மென்பொருள்களின் பெயர்களே நிறைந்திருந்தால் சற்று யோசியுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளையும் பி.டி.பி.டி.என். கடனையும் கொடுத்து வாங்கும் கல்வி, அந்த மென்பொருளைவிட நீண்ட நாள் நிலைக்க வேண்டுமல்லவா?