பழைய மஞ்சள்

கொங்குப் பிடிவாதம் – 11

2010-ல் ஈரோட்டில் ஒரு குவிண்டால் மஞ்சள் 17,000 ரூபாயைத் தொட்டது. அப்பாரு காலத்திலிருந்து மஞ்சள் போடுகிற குடும்பங்களும் அப்படி ஒரு விலையைக் கண்டதில்லை. அடுத்த பட்டத்தில் நெல் போட்டவர், கரும்பு போட்டவர், கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருந்தவர் எல்லோருமே விதை மஞ்சளைத் தேடி அலைந்தார்கள். மற்ற மஞ்சள் ஊர்களான நிஜாமாபாத்திலும் சாங்கிலியிலும் இதே கதைதான். எல்லோர் காட்டிலும் விளைந்து, எல்லோர் மூட்டையும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது, 2012-ல், விலை 4,000 ரூபாயை ஒட்டி இறங்கி நின்றது. வெட்டிய கூலிக்கும் வேகவைத்த கூலிக்குமே கட்டாத விலை.

அப்போது நிறையப் பேர் விற்கவில்லை. மூட்டைகளைக் குடோனில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். "வெலை வருமுங்க. மஞ்ச என்ன தக்காளியா, அழுகிப் போறதுக்கு?" மண்டிப் பக்கம் எங்கே போனாலும் இதே பேச்சு.

விலை வந்தது. 2024-ல் 20,000 ரூபாயைத் தொட்டது. நடுவில் பன்னிரண்டு வருஷம்.

இந்தத் தொடரில் இதுவரை விடாப்பிடியாக நின்று ஜெயித்தவர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். கோபியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "விடாதே விடாதேங்கறீங்க, சரி. எதுவரைக்கும் விடாம இருக்கறதுங்க?" அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. பழைய மஞ்சளின் கதையை வைத்துத்தான் அதற்குப் பதில் தேட வேண்டும்.

மஞ்சள் வருஷத்தையே விழுங்குகிற பயிர். வைகாசி, ஆனியில் விதைக் கிழங்கை ஊன்றினால் தை, மாசியில்தான் வெட்டு. ஊடே கொஞ்சம் வெங்காயமோ மிளகாயோ எடுக்கலாம். மற்றபடி ஒன்பது பத்து மாதம் அந்தக் காடு மஞ்சளுக்கே. வெட்டியதோடு வேலை முடிவதுமில்லை. கிழங்கிலிருந்து விரலியை உடைத்துப் பிரிக்க வேண்டும். வேகவைக்க வேண்டும், முன்பு பெரிய கொப்பரைகளில் செய்ததை இப்போது நீராவிக் கொதிகலன் செய்கிறது. களத்தில் பரப்பி இரண்டு வாரம் போலக் காயவிட்டு, டிரம்மில் போட்டுச் சுற்றி மெருகேற்ற வேண்டும். ஐந்து கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதற்கப்புறம் மாதிரியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகலாம். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் என்று நான்கு இடங்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார், உள்ளே நிறத்தைப் பார்க்கிறார், விலையை எழுதிப் போடுகிறார். அவ்வளவுதான்.

2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் விலையைத் தீர்மானிக்கிற காரணங்களில் பாதி, ஈரோட்டு விவசாயியின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நாந்தேடு, ஹிங்கோலிப் பக்கம் எத்தனை ஏக்கரில் ஊன்றினார்கள், அங்கே மழை எப்படி, முன்பேரச் சந்தையில் யார் எதை எதிர்பார்த்து வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்த விலை அது.

இப்படி ஒரு பயிரை வருஷா வருஷம் போடுகிறவரை உட்காரவைத்து ஊக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் தகுதி கிடையாது என்பது என் எண்ணம். அவர் காலையில் எழுந்து மனசுக்குள் உற்சாகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்குவதில்லை. பட்டம் வந்தால் ஊன்றுகிறார், முறை வந்தால் தண்ணீர் கட்டுகிறார். மனசு எப்படியிருந்தாலும் காட்டு வேலைக்கு நாள் குறித்திருக்கிறது. தொழில் தொடங்கி ஆறே மாதத்தில் சோர்ந்துபோகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இது ஒன்றுதான்: செய்ய வேண்டியதை மனநிலையிடமிருந்து பிடுங்கிக் காலண்டரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டறைக்கோ கடைக்கோ அதுவே பெரும்பாலும் போதும்.

ஆனால் காலண்டர் இல்லாத இடம் ஒன்று உண்டு. அதுதான் குடோன். ஊன்ற நாள் இருக்கிறது, வெட்ட நாள் இருக்கிறது. பூட்டி வைத்த மூட்டையை விற்க மட்டும் நாள் கிடையாது. பிடிவாதம் கெட்டுப்போவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011-ல் விலை சரிந்துகொண்டிருந்தபோது ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு விற்க ஒரு வாய்ப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்று, வந்த பணத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் 2024-ல் அது 24,000 ரூபாய். விற்காமல், அந்தப் பணத்தேவைக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அதை அடைக்காமலே விட்டிருந்தால் கடன் 43,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். குடோன் வாடகை, வண்டு, எடை இறக்கம், 'பழசு' என்று வியாபாரி குறைக்கிற விலை எல்லாம் இதில் சேரவில்லை. ஆக, பதின்மூன்று வருஷம் பூட்டி வைத்து 20,000 ரூபாய்க்கு விற்றவர் நஷ்டப்பட்டவர். ஆனால் டீக்கடையில் அவர்தான் ஜெயித்தவர். 'ஒத்தக் கால்ல நின்னு வாங்கிட்டாருங்க' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

இருப்பு வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அறுவடை நேரத்தில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டும்போது நாலு மாதம் பொறுப்பது புத்திசாலித்தனம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் குடோனில் மூட்டையை வைத்துவிட்டு அதன் மேல் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி அதற்காகத்தான் இருக்கிறது. அந்தக் கடனுக்கு ஒரு தவணை உண்டு. தவணை முடியும்போது விற்பதா வைப்பதா என்று மறுபடி யோசித்தே ஆக வேண்டும். சொந்தக் குடோனில் அந்தக் கட்டாயம் இல்லை. விவரமானவர்கள் தாங்களே அதை உண்டாக்கிக்கொள்கிறார்கள்: களத்திலிருந்து வந்ததில் ஒரு பங்கைக் கடனுக்கும் கூலிக்கும் உடனே விற்றுவிடுவது, மிச்சத்தில் ஒரு பங்கை ஆடிக்குள், கடைசிப் பங்கை அடுத்த புது மஞ்சள் வருவதற்குள். உச்ச விலை இவர்களுக்குக் கிடைக்காது. அடுத்த பட்டத்துக்குக் கையில் முதல் இருக்கும்.

கனடாவின் மான்ட்ரியால் நகரில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தில், கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளர் பிடித்த இலக்கை எப்போது விடுவது என்ற விஷயத்தையே வருஷக்கணக்காக ஆராய்ந்துவருகிறார். எட்டாத இலக்கை விட்டுவிடத் தெரிந்தவர்கள் மனதளவில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். விட்டவர்கள் வெறுங்கையோடு நின்றுவிடாமல் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம் என்பது அவரும் அவருடைய சகாக்களும் கண்டது. விடாமுயற்சிக்கு மாலை போடுகிற நம் மேடைகளில் இந்த இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை.

அதே மஞ்சளை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டவர் ஒருவர் ஈரோட்டிலேயே இருக்கிறார். பி.சி. துரைசாமி 1975-ல் சிறிய மஞ்சள் வியாபாரியாகத் தொழிலுக்கு வந்தவர். வாங்கி விற்கும் வியாபாரத்தில் லாபம் முழுக்க விலை ஏற்ற இறக்கத்தின் தயவில் இருக்கிறது. அவர் அந்த மஞ்சளை அரைத்துப் பொடியாக விற்கத் தொடங்கினார். பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். எழுபதுகளில் கொங்கு வீடுகளில் மஞ்சளும் மிளகாயும் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லுக்குக் கொடுத்தனுப்பி அரைத்து வருவதுதான் வழக்கம். கடைப்பொடி என்றாலே, என்ன கலந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம். ஒரு தலைமுறைப் பெண்களின் கைப்பழக்கத்தை மாற்றிக் காட்டினால்தான் பாக்கெட் விற்கும். அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மனைவி சாந்தி துரைசாமி மசாலாக் கலவைகளைத் தயாரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள, சக்தி மசாலா வளர்ந்தது. மாற்றுத்திறனாளிகளைப் பெரிய எண்ணிக்கையில் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

மஞ்சளை அவர் விடவில்லை. விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வேலையைத்தான் விட்டார்.

விட்டதற்கு இன்னும் வெளிப்படையான உதாரணம் சித்தோட்டில் இருக்கிறது. டி. சதீஷ்குமார் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காமல், பதினாறு வயதில், நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த குடும்பப் பால் வியாபாரத்துக்குள் வந்தார். பெங்களூருக்குப் பால் அனுப்புகிற தொழில். அங்கே வாங்குகிறவர்களில் ஒருவர் அந்தப் பாலைப் பனீராக மாற்றுகிறார் என்று தெரிந்தது. பனீர் என்றால் என்னவென்றே ஈரோட்டில் பலருக்குத் தெரியாத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் செய்ததில் என்னைக் கவர்ந்தது பனீர் இல்லை, அதற்குப் பிறகு எடுத்த முடிவு: பால் விற்பனையை அடியோடு நிறுத்திவிட்டார். பால் தினமும் காசு தருகிற சரக்கு. குடும்பத் தொழிலும் அதுதான். அதை விடு என்றால் எந்தக் கொங்கு வீட்டிலும் பெரியவர்கள் ஒரு வாரம் பேசமாட்டார்கள். அவருடைய மில்கி மிஸ்ட் நிறுவனம் பாக்கெட் பால் விற்காமல் தயிர், பனீர், சீஸ், நெய் என்றே வளர்ந்தது. 2025-ல் 2,035 கோடி ரூபாய் திரட்டப் பங்குச் சந்தைக்கு வர விண்ணப்பித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜெயித்தவர் கதையைப் பின்னாலிருந்து படிக்கும்போது எல்லா முடிவும் சரியான முடிவாகத் தெரியும். பொடி அரைத்துப் பார்த்து மில்லை மூடியவர்களும், பனீர் போட்டுக் கடனாளி ஆனவர்களும் இந்தக் கொங்கு மண்ணிலேயே இருப்பார்கள். அவர்களைத் தேடி எந்தப் பத்திரிகையும் போவதில்லை, நானும் போனதில்லை. ஆகவே 'அவர் விட்டார், ஜெயித்தார். நீங்களும் விடுங்கள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துரைசாமியும் சதீஷ்குமாரும் எதைப் பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தால் போதும். ஊரும் மூலப்பொருளும் கையில் இருந்தன. விற்கிற சரக்குதான் மாறியது.

லாபத்துக்காக இல்லாத பிடிவாதமும் இந்த மண்ணில் உண்டு. ஈரோட்டு மஞ்சளில் ஒரு பகுதி விளைவது காலிங்கராயன் பாசனத்தில். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பு அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரை சுமார் 90 கிலோமீட்டருக்குக் காலிங்கராயன் என்பவர் வெட்டிய வாய்க்கால் அது. 1271-ல் தொடங்கி 1283-ல் முடித்ததாகச் சொல்வார்கள். வரைபடத்தில் பார்த்தால் சர்ப்பம் போலப் போகிறது. பாம்பு ஊர்ந்து வழிகாட்டியதாகக் கதையே இருக்கிறது. நேராக வெட்டியிருந்தால் தூரம் எவ்வளவோ குறைந்திருக்கும். ஆனால் மட்டம் பார்த்து வளைந்து வளைந்து போனதால்தான் அத்தனை வயலுக்கும் தண்ணீர் ஏறுகிறது. பன்னிரண்டு வருஷம் வெட்டி முடித்த பிறகு, சொந்த நிலத்துக்காக வெட்டினான் என்று பேச்சு எழுந்ததாம். என் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். தை 5-ஆம் தேதி விவசாயிகள் இன்றும் காலிங்கராயன் நாள் கொண்டாடுகிறார்கள். தனக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தராத வேலையைப் பன்னிரண்டு வருஷம் செய்ய ஒருவரை எது நிற்க வைத்தது என்பது எந்த லாபக் கணக்கிலும் அடங்கவில்லை.

இன்னொரு கூட்டமும் அந்தக் கணக்கில் அடங்காது. கிழங்கு வெட்டுகிறவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்க விரலி உடைக்கிற பெண்கள், களத்து வெயிலில் புரட்டிக் காயவைக்கிறவர்கள். விலை 17,000 ஆனபோது இவர்கள் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. விலை இறங்கிய வருஷங்களில் 'மஞ்சளே வேண்டாம்' என்று விவசாயி வாழைக்கோ மக்காச்சோளத்துக்கோ மாறியபோது இவர்களுக்குத் தை, மாசி வேலைதான் போனது. காத்திருக்கக் குடோன் வேண்டும், குடோனுக்குள் சொந்தச் சரக்கு வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் அடுத்த நாள் காலை வேறு காட்டுக்கு வேலை தேடிப் போகிறார்கள். கொங்கு நாட்டின் உழைப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற கூட்டங்களில் நான் எதிர்பார்க்கிற பெயர்கள் இவர்களுடையவை, இதுவரை கேட்டதில்லை.

கோபி வாசகருக்கு: எதுவரைக்கும் என்று நான் சொல்ல முடியாதுங்க. ஆனால் தொடங்கும்போதே, மனசு தெளிவாக இருக்கிற அந்த நாளிலேயே, தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள். 'அடுத்த தைக்குள் இத்தனை வரவில்லை என்றால் இந்த வழியை மாற்றுவேன்' என்று. சம்சாரம் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

அடுத்த வாரம் பவானிக்குப் போகலாம். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியும், தறிக்குழியில் இறங்க இளைஞர்கள் வராத ஜமக்காளத்தின் கதை. அங்கே எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதில் எனக்கே இன்னும் முடிவு வரவில்லை.