செத்த மாட்டில் கத்தி வைக்காதீர்கள்!

காலையில் முந்திரித் தோப்பில் மேய்ந்த மாடு மாலையில் செத்துக் கிடக்கிறது. மூக்கில் உறையாத ரத்தம். காடாம்புலியூர், பண்ருட்டிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களே, உஷார்! இது ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் நோயாக இருக்கலாம்.

'கறிக்காவது ஆகட்டும்' என்று அறுக்காதீர்கள். காற்றுப்பட்டால் கிருமி விதைபோல இறுகி, மண்ணில் பல பத்தாண்டுகள் பிழைத்திருக்கும். மனிதருக்கும் தொற்றும்.

இக்கிருமியின் பலம் இரண்டு மரபணு வளையங்கள். ஒன்று நஞ்சைத் தயாரிக்கிறது. மற்றொன்று கிருமிக்குக் கவசம் தருகிறது. கவசம் இழந்த கிருமியை 1930-களில் தடுப்பூசியாக்கினார் தென்னாப்பிரிக்காவின் மேக்ஸ் ஸ்டெர்ன். நம் ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி தயாரிக்கிறது.

சந்தேகம் வந்தால் உடலைத் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் சொல்படி ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். போன மாடு போகட்டும். கொட்டகையில் நிற்பவற்றையும் வீட்டில் இருப்பவர்களையும் காப்பாற்றுங்கள்.