படகில் முதல் போடலாமா?

மத்திய கிழக்கில் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் இளைஞர்கள் முன்பெல்லாம் வேன் எடுக்கலாமா, கடை போடலாமா என்றுதான் கேட்பார்கள். இப்போது மாலைதீவில் உல்லாசப் படகொன்றில் பங்கு போடலாமா என்று கேட்கிறார்கள். மடவளையிலிருந்து கடலைப் பார்க்கவே பல மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டும். இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான். பத்து வருட வியர்வையைக் கடலில் இறக்குமுன் அத்தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தொழிலுக்குப் பேர்போன இடம் கரீபியன் கடல். அங்கே சென்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே பெக்கியா, மஸ்டிக், கனுவான், யூனியன் என்று சின்னஞ்சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. காலையில் பாய் விரித்தால் பகல் சாப்பாட்டுக்கு அடுத்த தீவு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கிழக்கிலிருந்து சீராகக் காற்று வீசும். 1969இல் பிரித்தானிய வெர்ஜின் தீவுகளில் ஒரு தம்பதியினர் ஆறு பாய்ப்படகுகளுடன் ‘மூரிங்ஸ்’ என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். ஓட்டத் தெரிந்தவருக்குப் படகை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள், நம்மூரில் கார் கொடுப்பதைப் போல. ஓட்டத் தெரியாதவர் கப்டனையும் சமையல்காரரையும் சேர்த்தே எடுக்கலாம்.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். பெரிய மோட்டார் யொட் என்றால் வாடகைக்கு மேலதிகமாக, அதில் நான்கில் ஒரு பங்களவு, சில வேளை மூன்றில் ஒரு பங்கு, டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் துறைமுகக் கட்டணத்துக்குமாக முற்பணம் வாங்குவார்கள். அந்தப் பணம் எரிபொருள் விற்பவனுக்கும் மரக்கறிக் கடைக்காரனுக்கும் மீன்காரனுக்கும் உடனுக்குடன் கைக்காசாகப் போய்விடும். படகின் சொந்தக்காரர் கதை வேறு. வாடகைக் கம்பனிகள் ஓட்டும் படகுகளில் பல கம்பனிக்குச் சொந்தமில்லை. முதலுள்ள ஒருவருக்குப் படகை விற்று, அதையே ஐந்தாறு வருடம் தாங்கள் வாடகைக்கு விடுகிறார்கள். அவருக்கு மாதாமாதம் ஒரு தொகையும் வருடத்தில் சில கிழமை பயணமும் கிடைக்கும். தவணை முடிந்ததும் உப்புத் தண்ணீரில் தேய்ந்த படகு அவர் கைக்கு வரும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் பராமரிப்புக்குப் போகும் என்பது கடல்காரர்கள் பொதுவாகப் போடும் கணக்கு.

சூறாவளியை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். அக்காலத்தில் படகைத் தெற்கே கொண்டுபோனால்தான் காப்புறுதி என்று நிபந்தனை போடும் கம்பனிகள் உண்டு. அதனால் கிரனாடா பாதுகாப்பான இடம் என்று நம்பி நிறையப் படகுகளை அங்கே நிறுத்தினார்கள். 2004 செப்டெம்பரில் ‘ஐவன்’ சூறாவளி அந்தத் தீவையே தாக்கியது. 2017 செப்டெம்பரில் ‘இர்மா’ வெர்ஜின் தீவுகளில் நின்ற படகுகளைக் கரையில் குவித்தது. 2024 ஜூலை முதலாம் திகதி ‘பெரில்’ யூனியன் தீவின் பெரும்பாலான வீடுகளை நாசமாக்கியது.

மாலைதீவு பூமத்திய ரேகையை ஒட்டியிருப்பதால் அங்கே சூறாவளி அரிது. 1972இல் குரும்பா ஹோட்டலுடன் ஆரம்பித்த உல்லாசப் பயணத்துறை இன்று அந்நாட்டின் முதுகெலும்பு. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. பயணிகள் ஒரு கிழமை தங்கிச் சுற்றும் ‘சபாரி’ படகுகள் இந்தத் தீவுகளுக்கிடையே ஓடுகின்றன. ஆனால் நமக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்குத் தடை; அனுமதி பெற்ற சபாரி படகுகளில் அது விற்கலாம். பங்கு போட்டால் அந்த வருமானமும் நம் இலாபத்தில் கலந்து வரும். “முதலுக்கு மாதம் இவ்வளவு உத்தரவாதம்” என்ற பேச்சும் அப்படித்தான். படகு உண்மையில் நமக்குச் சொந்தமாகி அதற்கு வாடகை வாங்குவது ஒன்று, போட்ட பணத்துக்கு நிச்சய இலாபம் வாங்குவது இன்னொன்று. ஆலிம்களிடம் கேட்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், நாம் கரையில் நிற்பதே மேல். மாலைதீவு நமக்கு மாசி தந்தது. நம் மரக்கறியும் பழமும் விமானத்தில் அங்கே போகின்றன. ஃபைபர் படகுகளும் இங்கே கட்டி ஏற்றுமதியாகின்றன. மாத்தளை, நுவரெலியாச் சந்தைகள் எப்படி ஓடுகின்றன என்று அறிந்த மடவளை வியாபாரிக்கு இது புதுத் தொழிலல்ல. தரம் பிரித்துப் பொதி செய்து சொன்ன நாளில் கொடுத்தால் போதும்.

காலித் துறைமுகத்திலும் கொஞ்சம் வியாபாரம் உண்டு. தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து வடகீழ்ப் பருவக்காற்றில் மேற்கே போகும் தனியார் யொட்டுகள் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே நங்கூரமிட்டு டீசல், தண்ணீர், சாமான் ஏற்றும். அதை மட்டும் நம்பிக் கடை போட முடியாது. சோமாலியக் கொள்ளையர் காலத்தில் செங்கடல் வழியே பயமாகி வரவு குறைந்தது. 2023 இறுதியில் அங்கே ஹூதிகளின் தாக்குதல் ஆரம்பித்தபின் மீண்டும் அதே நிலை.

இல்லை, படகில்தான் பங்கு வேண்டும் என்பவர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: படகு யார் பெயரில் பதிவு, காப்புறுதி எதை எதை ஈடு செய்யாது, பங்கை விற்க நினைத்தால் யார் என்ன விலைக்கு வாங்குவார்.