நாற்றத்தை மறைக்காதீர்கள், தேடுங்கள்

வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்து வாரக்கணக்கில் போகாமல் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு மூடி பினாயில் கூடுதலாக ஊற்றுகிறோம். சாம்பிராணி போடுகிறோம். வாஷ்பேசினில் நாலு அந்துருண்டையைப் போட்டு வைக்கிறோம். மூன்றாம் நாள் நாற்றம் மறுபடி வருகிறது. காசு வீணானதைவிடப் பெரிய நஷ்டம், வாசனையைப் போர்த்தியதும் தேட வேண்டிய தடயமே மறைந்துபோவதுதான். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 2021இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஆனால் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஏரிகளைச் சுற்றியும் ஏரி நிலத்திலும் வளர்ந்த குடியிருப்புகள் இங்கே ஏராளம். கழிவுநீரும் குடிநீரும் ஒரே மனைக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அதனால் இங்கே வீட்டில் வரும் துர்நாற்றத்தை அசௌகரியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. உடம்புக்கு வரப்போகும் கேட்டுக்கு முன்கூட்டியே வரும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

முதலில் ஆபத்தான இரண்டு

சமையலறையில் அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு வாடை வந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம்; காஸ் கசிகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத இயற்கை வாயு கசிந்து வெடித்துக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே வாயுவுக்கு வாடை சேர்ப்பது சட்டமானது.

வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சன்னல்களைத் திறந்து விடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்; போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906க்கு அழையுங்கள். வயதாக ஆக மோப்பம் குறையும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க அப்பா அம்மா மட்டும் தனியே இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அங்கே ஒரு காஸ் அலாரம் வாங்கி வைப்பது நல்லது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும் என்பதால் அலாரத்தைக் கீழே, தரைக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, மீன் சமைக்காத நாளில் வரும் மீன் கவுச்சி. சுவிட்ச்போர்டு, பிளக் பாயின்ட், ஏசி வயர் ஆகியவை சூடேறும்போது அவற்றின் பிளாஸ்டிக்கும் பிசினும் இப்படி ஒரு வாடையைக் கிளப்பும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

எப்போது, எங்கே

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு நிதானமாகத் தேடலாம். ஒரு இடத்திலேயே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். அதனால் வீட்டில் இருப்பவர்களைவிட வெளியிலிருந்து வருபவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பால் போடுபவரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிட்டுக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்: காலையிலா இரவிலா, மேல்வீட்டில் தண்ணீர் விடும்போதா, மோட்டார் போட்டதும் வருகிறதா, மழைக்குப் பிறகா. என் அனுபவத்தில் இந்த ஊர்களில் பருவமே பாதி விடையைச் சொல்லிவிடும். சித்திரை வைகாசியில் தொடங்கும் நாற்றம் பெரும்பாலும் எங்கோ தண்ணீர் வற்றியதால் வருவது. ஐப்பசி கார்த்திகையில் தொடங்குவது எங்கோ தண்ணீர் நிரம்பியதால் வருவது.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இரவு படுக்கும் முன் ஒவ்வொரு தரை ஜாலியின் மேலும் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பாலித்தீன் பை ஒன்றை வையுங்கள். பை தளர்வாக இருந்தால் ஓட்டையை நன்றாக அடைத்துக்கொள்ளும். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தால் எந்த வாயிலிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

பூட்டிக் கிடக்கும் குளியலறை

மாடியில் ஒரு படுக்கையறை, அதோடு ஒட்டிய குளியலறை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அறை மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். கீழே வரைக்கும் சாக்கடை நாற்றம் வருகிறது என்று இருக்கிற குளியலறையை எல்லாம் உரசித் தேய்ப்பார்கள். பூட்டிய அறையை யாரும் நினைப்பதில்லை.

அங்கே போய் எவர்சில்வர் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் போன்ற பகுதி தெரியும். அதில் எப்போதும் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் செப்டிக் டேங்கிலிருந்து வரும் வாயுவைத் தடுக்கும் கதவு. நம் ஊர் வெயிலுக்குச் சில வாரங்களிலேயே அது வற்றிவிடும். அடியில் காய்ந்த சோப்புப் படலமும் முடியும் மட்டும் ஒட்டிக் கிடக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கே நாற்றம் நின்றுவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் திரும்ப வராது. மாதக்கணக்கில் வெளியூர் போவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றிய பின் மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம், சீக்கிரம் ஆவியாகாது.

இதை அற்ப விஷயம் என்று விட முடியாது. 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 321 பேருக்குத் தொற்றியது. வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு நோயாளியின் கழிவு குழாயில் இறங்கியது. பல வீடுகளில் தரை ட்ராப்புகள் வறண்டு கிடந்தன. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியதும் அந்த வறண்ட வாய்கள் வழியே குழாய்க் காற்று நுண்துளிகளோடு வீடுகளுக்குள் இழுக்கப்பட்டது. விசாரித்த சுகாதாரத் துறையினர் முக்கியமாகச் சுட்டிய வழி இதுதான். நம் அடுக்குமாடிகளிலும் அதே ட்ராப், அதே எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.

சிங்க்கின் அடியையும் பாருங்கள். நெளிநெளியான வேஸ்ட் பைப்பைச் சுவரில் உள்ள பெரிய ஓட்டைக்குள் சும்மா செருகி வைத்திருப்பார்கள். பைப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கரப்பான்பூச்சியும் நாற்றமும் வருவது அந்த வழியாகத்தான். ஒரு ரப்பர் வாஷரும் கொஞ்சம் எம்சீலும் போதும்.

அரை கிரவுண்டில் செப்டிக் டேங்கும் போரும்

அரை கிரவுண்ட் என்றால் 1,200 சதுர அடி. 30க்கு 40 மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்தாலும் 50 அடிதான். கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது, அதாவது ஏறக்குறைய 60 அடி, இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. எப்படிப் பிளான் போட்டாலும் இந்த மனைக்குள் அந்தத் தூரம் கிடைக்காது. பக்கத்து வீட்டு உறிஞ்சுகுழி நம் போருக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கலாம். கார் நிறுத்தும் போர்ட்டிகோவின் ஒரு பக்கம் சம்ப், மறு பக்கம் செப்டிக் டேங்க் என்று கட்டிய வீடுகளை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்சுகுழி உறிஞ்சாது. டேங்க் நிரம்பி, நீர் சேம்பர் வரை எதிர்த்து வரும். கக்கூஸில் தண்ணீர் விட்டால் தரை ட்ராப்பில் குளுகுளுவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும்போதே டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். பொதுவாக 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். பல வீடுகளில் கட்டியதிலிருந்து எடுத்ததே கிடையாது.

வென்ட் பைப்பையும் அண்ணாந்து பாருங்கள். பக்கத்து வீடு தரைத்தளமாக இருந்த காலத்தில் வைத்த பைப்பின் வாய், நாம் மாடி எடுத்த பிறகு நம் படுக்கையறை சன்னலுக்கு நேராக வந்து நிற்கும். அவர்களிடம் தன்மையாகச் சொல்லி, மொட்டை மாடிக்கு மேல் ஓராள் உயரத்துக்கு நீட்டச் சொன்னால் தீர்ந்தது. வாயில் நைலான் வலை கட்டினால் செப்டிக் டேங்க்கில் உற்பத்தியாகும் கொசுவும் வெளியே வராது.

மூடியைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டையாக நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் நேரம்தான் உயிர் போகும் நேரம். இப்படி எத்தனையோ தொழிலாளர்களை நாம் பறிகொடுத்திருக்கிறோம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும். அதனால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியையே கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் கேட்கலாம். “ஒரு ஆள் இறங்கிச் சுத்தமா வாரிடட்டும் சார்” என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

தண்ணீரே நாறினால்

குழாயைத் திறந்ததும் நாறினால், ஒரு டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகருங்கள். டம்ளர் நாறவில்லை என்றால் குற்றம் தண்ணீரில் இல்லை, வாஷ்பேசின் ஓட்டையில். வெந்நீர் மட்டும் நாறினால் கீசர். எல்லாக் குழாயும் நாறினால் சம்ப்பையும் போரையும் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் காற்றில்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைப்பதாலும் அழுகிய முட்டை வாடை வரும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. காற்றோட்டம் பட்டால் போய்விடும். மல வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் விஷயம் வேறு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதை மறுத்தது. வாதம் எப்படி முடிந்தாலும், தண்ணீர் வாடை மாறியதும் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு அனுப்பும் பழக்கம் நமக்கு வர வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்றும் உண்டு: அதற்கென மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருக்கும் பட்சத்தில் ஓரிரு நாளில் கறுத்துவிடும்.

சோதனை முடிவு வரும்வரை தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். ஆனால் சாக்கடை கசிந்துகொண்டே இருந்தால் குளோரின் போட்டுப் பயனில்லை. கசிவை அடைக்க வேண்டும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, தரைமட்டத்தில் வாய் வைத்த சம்ப் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வாயை உயர்த்திக் கட்டுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலை எரித்துவிடும்.

கண்ணில் படாத மூலைகள்

ஃபிரிட்ஜின் பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேல் ஒரு தட்டு இருக்கும். கசியும் நீர் அங்கே தேங்கிப் பாசி பிடித்து நாறும். ஏடிஸ் கொசு முட்டையிட அது நல்ல இடம். டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் கேட்பார்கள். வாஷிங் மெஷினின் ரப்பர் வளையம், சாக்கடைக் குழாயிலேயே செருகிவிட்ட ஏசி டியூப், பரணில் செத்த எலி என்று மற்றவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

தெருவிலிருந்து வருவது

சன்னலைத் திறந்தால் கூடுகிறது, பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் வருகிறது என்றால் வீட்டுக்குள் தேடி அலைய வேண்டாம். 200 ஏக்கருக்கு மேல் பரவிய பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்தபோது பல நாள் புகையும் நாற்றமும் சுற்றுவட்டாரத்தை வாட்டின. ஏரியில் கழிவுநீர் லாரி கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. நேரம், காற்று வரும் திசை, முடிந்தால் வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துத் தெருவாகச் சேர்ந்து மாநகராட்சியில் எழுத்தில் கொடுங்கள். ஒருவர் போய்ச் சொல்வதற்கும் நாற்பது வீட்டார் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நாற்றம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால்

வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத நாற்றம் ஒருவருக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தால், அவரைக் கேலி செய்யாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சைனஸில் சீழ், மேல்வரிசைப் பல்லில் புரை, கொரோனாவுக்குப் பின் மாறிய மோப்பம் என்று காரணம் பல இருக்கலாம். குழந்தையின் ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், பாசிமணியோ பஞ்சோ உள்ளே போயிருக்கும். அது பொம்மையின் பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே கிளம்பிவிட வேண்டும்.