பெட்டியின் மேல் புலி: திபெத்திய மரச்சாமான்கள் பற்றிச் சில குறிப்புகள்

பைலகுப்பேயில் ஒரு திபெத்தியர் வீட்டில் முழங்கால் உயர மேசையின்மேல் வெண்ணெய்த் தேநீர் வைத்தார்கள். தேநீர் எனக்கு இறங்கவில்லை. மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. மூன்று பக்கமும் டிராகன், தாமரை, மேகம். நான்காவது பக்கம் திறந்து கிடந்தது. உட்காருகிறவர் பக்கம் அது. சித்திரமெல்லாம் எதிரில் வருகிறவருக்குத்தான். சோக்ட்சே என்று பெயர். கீல் போட்டு மடிக்கலாம். பழசா என்று கேட்டேன். "அங்கேருந்து பெட்டியும் மேசையுமா தூக்கிட்டு வர முடியும்? உயிரோட வந்ததே பெரிசு" என்றார் அந்த வீட்டு அம்மா. கூட வந்த நண்பர் சொன்ன மொழிபெயர்ப்பு இது.

1959இல் ஓடிவந்தவர்களால் கொண்டுவர முடியாத இந்தச் சாமான்கள் 1980களுக்குப் பிறகு காட்மாண்டு, ஹாங்காங் கடைகளில் வரிசையாக வந்து நின்றன. அதுவரை மேற்கின் கலைவரலாறு இவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. தங்கா ஓவியமும் வெண்கலச் சிலையும் 'கலை', பெட்டி வெறும் 'பொருள்' என்ற பிரிவினை அது. பசடீனாவில் ஒரு அருங்காட்சியகம் இவற்றுக்கென்றே கண்காட்சி வைத்தது 2004இல்தான். சந்தை முதலில் வந்தது, அழகியல் பின்னால் வந்தது.

அழகியலுக்கு முன்னால் மரத்தைப் பார்க்க வேண்டும். மத்திய திபெத்தின் பீடபூமியில் மரம் அரிது. கொங்போ மாதிரியான தென்கிழக்குக் காட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து வர வேண்டும். வந்ததிலும் பெரும்பாலும் பைன். சிறு பலகைகளை இணைத்து, மேலே துணி ஒட்டி, வஜ்ஜிரப் பசையில் குழைத்த சுண்ணம் பூசி, அதன்மேல்தான் வண்ணம். சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், கல்லை அரைத்தெடுத்த நீலமும் பச்சையும். ஆக, வண்ணம் ஆடம்பரம் மட்டுமல்ல. மரத்தின் ஏழ்மையை, ஒட்டுகளை மறைக்கிற தோலும் அதுதான். பல பெட்டிகளின் முகப்பில் சீனப் பட்டுச் சரிகையின் பூவேலையை அப்படியே வரைந்திருப்பார்கள். பட்டு வாங்க முடிந்தவன் பட்டைப் போர்த்தினான், முடியாதவன் பட்டை வரைந்துகொண்டான் என்று முதலில் நினைத்தேன். அது அவசர வாசிப்பு. பட்டு குவிந்து கிடந்த மடாலயங்களிலும் இதே பெட்டிகள் இருந்தன.

தோர்காம் என்ற சிறு அலமாரி தனிக் கதை. பார்லி மாவும் வெண்ணெயும் பிசைந்து செய்யும் தோர்மா என்ற படையலை வைக்கும் இடம். உக்கிரத் தெய்வங்களின் இருட்டறையில் நிற்கும். கருப்புப் பின்னணியில் மண்டையோடு, உரித்த தோல், குடல், பிடுங்கிய கண். கருணையின் மதம் என்று வெளியே விற்கப்படும் பிம்பத்துக்குள் இந்தக் கதவு அடங்குவதில்லை. இன்று இது வெளிநாட்டு வரவேற்பறைகளில் மது அலமாரியாக நிற்கிறது.

பெட்டிகளில் அடிக்கடி வரும் இன்னொரு சித்திரம், சங்கிலியில் புலியை இழுத்துப்போகும் மங்கோலியன். மங்கோலியன் அவலோகிதேசுவரர், சங்கிலி வஜ்ரபாணி, புலி மஞ்சுஸ்ரீ என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கட்டும். 1642இல் ஐந்தாம் தலாய் லாமாவை ஆட்சியில் அமர்த்தியது குஷ்ரி கான் என்ற மங்கோலியனின் படை. அந்த நினைவில்லாமல் இந்தப் படத்தை எப்படி வாசிப்பது?

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று: பெட்டியின் மூலைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை. அதை அடித்த கொல்லன் பழைய திபெத்தில் தீட்டுக்குரியவன். கசாப்புக்காரனும் அப்படித்தான். வேதம் வைக்கும் பெட்டிக்கு அவன் இரும்பு வேண்டும். அவனோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதை எழுதினால் பெய்ஜிங்கின் குரலாகிவிடும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். 2009 முதல் மார்ச் 28ஐ 'பண்ணையடிமைகள் விடுதலை நாள்' என்று கொண்டாடும் அரசு அது. கலாச்சாரப் புரட்சியில் மடாலயங்களை இடித்த அதே அரசு. கொல்லனின் பெயரைச் சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை. அதற்காக நாமும் வாயை மூடிக்கொள்வதா?

தரம்சாலா அருகே 1988இல் தொடங்கிய நோர்புலிங்கா நிறுவனத்தில் மரச்செதுக்கும் மரவண்ணமும் இன்றும் சொல்லித் தருகிறார்கள். பைலகுப்பே மேசையும் இந்தியாவில் செய்ததுதான். கோப்பைகளை எடுத்த பிறகு அந்த அம்மா அதை மடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.