வேர் கேட்கும் தொட்டி

ஹோஸ்டா என்று ஒரு செடி இருக்கிறது. பூவைவிட இலைக்காகவே இதை ஆசையாக வளர்ப்பார்கள். நீலம் பூசியதுபோல் ஒரு வகை, இளமஞ்சளாக ஒரு வகை, பச்சை இலைக்கு வெள்ளைக் கரை போட்டதாக இன்னொரு வகை. சொந்த ஊர் ஜப்பான், கொரியா, சீனா. அங்கே மரநிழலிலும் ஓடைக்கரை ஈரத்திலும் தானாகவே முளைத்துக் கிடக்கும். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம் என்றால் நம்புவீர்களா? 1830 வாக்கில் சீபோல்டு என்ற ஜெர்மன் மருத்துவர் ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்குக் கொண்டுபோன செடிகளில் ஹோஸ்டாவும் இருந்தது.

இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் இதைத் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். ஓடில்லா நத்தை அதற்கு ஒரு முக்கியக் காரணம். தரையில் வளரும் ஹோஸ்டாவை இரவோடு இரவாக ஓட்டை ஓட்டையாகத் தின்றுவிடும். தொட்டியில் உயர்த்தி வைத்தால் காவல் காப்பது கொஞ்சம் எளிது.

சரி, எந்தத் தொட்டி வாங்குவது? கடையில் நம் கண் நிறத்தையும் பூ வேலைப்பாட்டையும்தான் பார்க்கும். ஆனால் அதற்குள் வருஷக்கணக்கில் குடியிருக்கப் போவது வேர். அதற்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

வேருக்கு முதலில் வேண்டியது காற்று. ஆம், வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் திணறும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால்தான் அடியில் ஓட்டையில்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஓட்டை இருந்தால் மட்டும் போதுமா? பலர் அடியில் ஜல்லியோ உடைந்த ஓட்டுச் சில்லோ ஒரு அடுக்கு போடுகிறார்கள். தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுங்கள். நீள்சதுரமாக இருப்பது நல்லது. தண்ணீரில் முக்கி, பிழியாமல், படுக்கை வசமாகப் பிடியுங்கள். முதலில் ஒழுகும், பிறகு சொட்டும், கடைசியில் சொட்டுவதும் நின்றுவிடும். இப்போது அழுத்தாமல் அதை மெல்லச் செங்குத்தாகத் திருப்புங்கள். நின்றுபோன தண்ணீர் மறுபடி சொட்டத் தொடங்கும்!

ஸ்பாஞ்ச் அதேதான், தண்ணீரும் அதேதான். பின் ஏன் இப்படி? சின்னச் சின்னத் துளைகள் நுண்புழை விசையால் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இந்த இழுபறியில், அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தங்கிவிடும். படுத்திருக்கும்போது ஸ்பாஞ்சின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நிமிர்த்தினால் அடிப்பகுதி மட்டுமே அதற்குள் வரும், மிச்சத் தண்ணீர் வடிந்துவிடும்.

தொட்டி மண்ணும் இப்படித்தான். ஒரே மண் கலவை என்றால், தொட்டி குட்டையோ உயரமோ, அடியில் தங்கும் ஈர அடுக்கின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே தட்டுப்போன்ற தொட்டியில் மண் முழுவதும் சொதசொதவென்று இருக்கும். ஜல்லி போட்டால்? மண்ணின் சிறு துளைகள் பிடித்துவைத்த தண்ணீர், ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேலே மண் நன்றாக ஊறிய பிறகே சொட்டும். அதாவது ஈர அடுக்கு ஒழிவதில்லை, ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஓட்டை வழியே மண் போகாமலிருக்க ஒரு துண்டு வலை போதும். வடிய வேண்டுமானால் பொலபொலவென்ற கலவையாகத் தொட்டி முழுக்கப் போடுவதே சரி.

அடுத்து, தொட்டி எதனால் ஆனது? மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று படித்திருப்பீர்கள். நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாவதால். மண்தொட்டியும் அப்படியே ஈரத்தை இழக்கும். ஹோஸ்டா ஈரப்பிரியன், எனவே மண்தொட்டியில் வைத்தால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். குளிர்நாடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். துளைகளுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து பருத்தால் தொட்டி செதில் செதிலாக உதிரும், வெடிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் தொட்டிக்கு இந்தப் பயம் குறைவு, ஈரத்தையும் காக்கும். ஹோஸ்டாவுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

வாய் குறுகி வயிறு பருத்த ஜாடியைத் தவிருங்கள். ஹோஸ்டாவின் வேர் பக்கவாட்டில் பரவும். சில வருஷங்களில் தொட்டி நிறைந்துவிடும். அப்போது வெளியே எடுத்துப் பிரித்து நட வேண்டும். குறுகிய கழுத்து வழியே அந்த வேர்ப்பந்து எப்படி வெளியே வரும்? ஜாடியை உடைக்க வேண்டியதுதான். மேலே அகன்று கீழே சற்றுக் குறுகிய தொட்டியே வசதி.

அளவு வகையைப் பொறுத்தது. 2008-இல் அமெரிக்காவில் ‘ஆண்டின் ஹோஸ்டா’வாகத் தேர்வான ‘புளூ மவுஸ் இயர்ஸ்’ ஒரு சாண் உயரம்தான் வளரும். ‘சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ என்ற வகையோ ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலும். ஆனால் நாளைக்குப் பெரிதாகுமே என்று சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் தேங்கி, வேர் அழுகும்.

சென்னை, மதுரை போன்ற நம் சமவெளி ஊர்களில் ஹோஸ்டா சரிப்படாது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து, பல வாரக் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதற்கு அடுத்த வருஷம் தெம்பு. ஆனால் காற்றும் வடிகாலும் எல்லா வேருக்கும் வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டுத் துளசித் தொட்டியையோ ரோஜாத் தொட்டியையோ பெரியவர்கள் உதவியுடன் சாய்த்து அடியைப் பாருங்கள். ஓட்டை அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.